கணக்கு நம்முடையது, சாவி யாரிடம்?



2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டன. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. வெண்ணெயும் நெய்யும் 12-லிருந்து 5-க்கு வந்தன. வரி குறைந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அன்று காலை பில் போட உட்கார்ந்தபோதுதான் தம் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராமின் யோக்கியதை பலருக்குத் தெரிந்தது. சிலவற்றில் எச்.எஸ்.என். எண்ணைக் கொடுத்து வரியை மாற்றியதும் அந்தப் பிரிவுச் சரக்கு முழுவதற்கும் மாறிவிட்டது. வேறு சிலவற்றில் நூற்றுக்கணக்கான சரக்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து கையால் திருத்த வேண்டியிருந்தது. விற்றவருக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை.

அதன் பிறகு வியாபாரிகள் நாலு பேர் கூடினால், "இந்த சாப்ட்வேரை விட்டுவிட்டு வேறு போடலாமா?" என்ற பேச்சு வருகிறது. போடலாம், தவறில்லை. எது நல்லது, எது கெட்டது என்று நாம் இங்கே சொல்லப் போவதில்லை. எந்த நிறுவனத்துக்கும் நாம் தரகு பார்க்கவில்லை. நாம் சொல்ல வந்தது ஒன்றுதான். புரோகிராம் விற்றவருடையதாக இருக்கலாம். அதற்குள் இருக்கும் கணக்கு நம்முடையது. அந்தக் கணக்கை நாம் நினைத்த நேரத்தில் வெளியே எடுக்க முடியாதென்றால், அந்தப் புரோகிராம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் வாங்கத் தகாதது.

பேரேடு மாற்றுவது நமக்குப் புதிதல்ல

கணக்குப் புத்தகம் மாற்றுவது வியாபாரிக்குப் பழகிப்போன காரியம். சித்திரை பிறந்தால் புதுக்கணக்கு. பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் தடவிப் புதுப் பேரேடு எழுதத் தொடங்குவோம். ஆனால் அந்தச் சடங்குக்கு முன்னால் பத்துப் பதினைந்து நாள் வேலை நடக்கும் என்பது இன்றைய இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கணக்குப்பிள்ளை ஒவ்வொரு பார்ட்டியின் பக்கத்தையும் கூட்டுவார். சரக்கு இருப்பை மூட்டை மூட்டையாக எண்ணுவார்கள். ஐந்தொகை போட்டுப் பற்றும் வரவும் சரியாக வந்த பிறகுதான் பாக்கித் தொகை புதுப் பேரேட்டுக்குப் போகும். பழைய பேரேட்டைக் கயிறு கட்டிப் பரண் மேல் வைப்போம். பத்து வருஷம் கழித்து ஒரு வழக்கு வந்தாலும் எடுத்துப் பிரித்துப் படிக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேரேடு விற்ற கடைக்காரர் அதற்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தம் மடியில் வைத்துக்கொண்டதில்லை. அடுத்த வருஷம் வேறு கடையில் பேரேடு வாங்கினால், "பழையதைத் திறக்க இவ்வளவு கொடு" என்று கேட்டதும் இல்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகு நம் தொழிலுக்குள் நுழைந்த புது வழக்கம் இது.

கணக்கு சாப்ட்வேர் என்பதே வியாபாரியின் தேவையில் பிறந்ததுதான். பெங்களூரில் மில்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சரக்கு கொடுத்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குக்குத் தோதான புரோகிராம் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-இல் தொடங்கிய அந்த முயற்சியே பிற்பாடு டாலி என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. அதே காலத்தை ஒட்டி ஊருக்கு ஊர் உள்ளூர் இளைஞர்கள் பாக்ஸ்புரோவில் பில் போடும் புரோகிராம் எழுதித் தந்தார்கள். மளிகைக் கடைகள் பலவற்றில் அவை நன்றாகவே உழைத்தன. ஆனால் மைக்ரோசாப்ட் நிறுவனம் பாக்ஸ்புரோவுக்குத் தந்த ஆதரவை 2015 ஜனவரியில் முடித்துக்கொண்டது. எழுதித் தந்த இளைஞர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆகவே விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒரு நாள் மாற்றத்தான் வேண்டும்.

வீடியோத் தொழிலில் நடந்தது

இந்த இடத்தில் வேறொரு தொழிலில் நடந்ததை எடுத்துக் காட்டினால் விஷயம் விளங்கும். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்களும் சினிமா எடிட்டர்களும், எடுத்த படத்தை வெட்டி ஒட்டக் கம்ப்யூட்டர் புரோகிராமைத்தான் நம்பியிருக்கிறார்கள். கேமராவில் எடுத்த படம் ஒருபுறம் தனியாக இருக்கும். எந்தக் காட்சி எந்த இடத்தில், எத்தனை விநாடி, எந்தப் பாட்டு என்ற விவரமெல்லாம் புராஜெக்ட் என்ற கணக்கில் இருக்கும். படம் அவர்களுக்குச் சரக்கு, புராஜெக்ட்தான் பேரேடு.

ஆப்பிள் நிறுவனத்தின் பைனல் கட் புரோ அத்தொழிலில் பெரும் பெயர் பெற்றிருந்தது. 2003-இல் வெளிவந்த 'கோல்ட் மவுண்டன்' என்ற ஹாலிவுட் படத்தையே வால்டர் மர்ச் என்ற புகழ்பெற்ற எடிட்டர் அதில்தான் தொகுத்தார். 2011 ஜூன் 21-ஆம் தேதி ஆப்பிள் அதை அடியோடு புதிதாக எழுதி, பைனல் கட் புரோ எக்ஸ் என்று வெளியிட்டது. பெயர் பழையது, புரோகிராம் புதியது. முந்தைய ஏழாம் பதிப்பில் செய்த புராஜெக்ட் எதுவும் அதில் திறக்கவில்லை. பழைய பதிப்பின் விற்பனையையும் கையோடு நிறுத்தினார்கள். உலகமெங்கும் எடிட்டர்கள் கூச்சலிட்ட பிறகே சிலருக்குப் பழையதைத் தர முன்வந்தார்கள். விடுபட்ட வசதிகள் பல, பின்னால் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன.

போட்டியாளரான அடோபி சும்மா இருக்குமா? எங்கள் பிரீமியர் புரோவுக்கு வாருங்கள், பாதி விலை என்று அழைத்தது. பலர் போனார்கள். 2013 மே மாதம் அதே அடோபி, இனிப் புதிய பதிப்புகள் விலைக்கு இல்லை, சந்தாவுக்குத்தான் என்று அறிவித்தது. வீட்டை வாங்குவதாக நினைத்துக் குடிபோனவர்கள் வாடகைக்காரர்கள் ஆனார்கள்.

இந்தக் குழப்பத்தில் கரையேறியவர்கள் யார்? பழைய புரோகிராம் உயிரோடு இருக்கும்போதே, எக்ஸ்.எம்.எல். என்ற பொது வடிவத்தில் தங்கள் புராஜெக்ட்களை எழுதி எடுத்துக்கொண்டவர்கள். அந்தப் பைலைப் பிரீமியரும் படிக்கும். அப்படி எடுத்து வைக்காதவர்களுக்குப் பழைய புரோகிராமும் பழைய கம்ப்யூட்டரும் ஓடும் வரைதான் வாழ்வு. 2017-இல் ஆப்பிள் வெளியிட்ட ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அந்த ஏழாம் பதிப்பு ஓடவே இல்லை.

பேக்கப் வேறு, கணக்கு வேறு

நம் கடைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். "நான் தினமும் பென் டிரைவில் பேக்கப் எடுக்கிறேன், எனக்கென்ன பயம்?" என்று சொல்பவர்கள் உண்டு. பேக்கப் எடுப்பது நல்ல பழக்கமே. ஆனால் அந்த பேக்கப்பை அதே புரோகிராம்தான் திறக்கும். புரோகிராம் நின்றால் பென் டிரைவில் இருப்பது சாவியில்லாத இரும்புப் பெட்டி. வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும், யார் துணையும் இல்லாமல் திறக்கக் கூடிய எக்செல், சி.எஸ்.வி., பி.டி.எப். வடிவத்தில் இருந்தால்தான் அது நம் கையில் இருக்கும் கணக்கு.

"எல்லா பில்லும் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏறியிருக்கிறதே" என்பார்கள். பதிவு பெற்ற வியாபாரிக்குப் போட்ட பில் அங்கே இருக்கிறது, உண்மை. அவர் எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கைத் திருப்பினார், எந்தச் செக் திரும்பியது என்பவை அங்கே இல்லை. அரசாங்கத்துக்கு வேண்டியது வரி. நமக்கு வேண்டியது பாக்கி. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று பெரியவர்கள் கேட்டார்கள். எழுதியும் படிக்க முடியாத கடனும் அதே வகைதான்.

நமக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி சாப்ட்வேர் மாற்ற முனைந்தார். சில்லறைக் கடைக்காரர்களுக்குத் தவணை சொல்லிச் சரக்கு கொடுப்பவர். பழைய புரோகிராமை விற்றவரிடம் பார்ட்டி வாரியாக, பில் வாரியாக நிலுவைப் பட்டியல் கேட்டார். "மொத்தத் தொகை வரும், பில் வாரியாக வராது. வேண்டுமானால் தனியாகச் செய்து தருகிறோம்" என்று ஒரு பெருந்தொகை சொன்னார்களாம். மொத்தத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடைக்காரரிடம் போய் நின்றால், "எந்த பில்லுக்கு?" என்ற முதல் கேள்விக்கே பதில் இல்லை. அவர் கேட்பதும் நியாயம்தானே. வாங்கியவர் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டமே சொல்கிறது. பில் வாரிக் கணக்கு இரு தரப்புக்கும் அவசியம். கடைசியில் அந்த அன்பர் இரண்டு ஆட்களை உட்கார வைத்து, திரையைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதினார்.

எப்போது மாற்றலாம்?

பக்கத்துக் கடைக்காரர் மாற்றினார் என்பதற்காகவோ, தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்பதற்காகவோ மாற்ற வேண்டாம். பில் சரியாக விழுகிறது, வரி விவரம் ஒழுங்காகப் போகிறது, கூப்பிட்டால் ஆள் வருகிறார் என்றால் பழையதே போதும். பில் போடும் பையனின் விரல்களுக்கு அந்தப் புரோகிராம் மனப்பாடம். புதியதில் அந்த வேகம் வரச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் வாடிக்கையாளர் காத்து நிற்பார். இந்தச் செலவை எந்த விற்பனையாளரும் விலைப்பட்டியலில் போடுவதில்லை.

வரி மாறும்போது புதுப்பித்துத் தர ஆளில்லை, ஓடும் கம்ப்யூட்டருக்கே ஆதரவு முடிந்துவிட்டது, சட்டம் கேட்பதை இதனால் செய்ய முடியவில்லை என்ற நிலை வந்தால் தயங்கக் கூடாது. உதாரணமாக 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள், பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு மின்-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும். அதற்கு வழியில்லாத புரோகிராமைக் கட்டி அழுவது வீண்.

மாற்றும் முறை

ஏப்ரல் 1 தான் சரியான நாள். பொங்கல் வியாபாரம் ஓய்ந்த கையோடு வேலையைத் தொடங்கினால் இரண்டு மாதம் கிடைக்கும். தீபாவளி நெருக்கத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. நாங்கள் கைப்பேரேடு, டாஸ் காலத்துப் புரோகிராம், விண்டோஸ் புரோகிராம் என்று மூன்றையும் கண்டு வந்தவர்கள் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்கிறோம்.

முதலில் சரக்குப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். ஒரே உளுந்து, உருட்டு உளுந்து, உ.பருப்பு, உளுந்து முழு என்று மூன்று பெயரில் கிடக்கும். ஒன்றில் இருப்பு அதிகமாகவும் இன்னொன்றில் மைனஸிலும் நிற்கும். அதை அப்படியே கொண்டு போனால் குப்பையைப் புது வீட்டுக்கு வண்டி வைத்து ஏற்றுவது போலாகும். மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதையும் சரிபாருங்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான சிப்பம் கட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத வரி வந்தபோது, சந்தையில் 26 கிலோ அரிசி மூட்டை தோன்றியது நினைவிருக்கும். மூட்டைக் கணக்கில் கிலோ தவறினால் இருப்பும் தவறும், வரியும் தவறும்.

தமிழில் பில் போடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய புரோகிராம்களில் பாமினி போன்ற எழுத்துருக்களில் சரக்குப் பெயரும் பார்ட்டி பெயரும் ஏற்றியிருப்பார்கள். யூனிகோடுக்கு மாற்றாமல் கொண்டு போனால் துவரம் பருப்பு என்ற பெயர், வாயில் நுழையாத ஆங்கில எழுத்துக் கூட்டமாக வந்து நிற்கும். பத்துப் பெயரை முதலில் மாற்றிப் பார்த்து, சரியாக வந்தால் மேலே செல்லுங்கள்.

மார்ச் 31 இரவு சரக்கைக் கையால் எண்ணுங்கள். கம்ப்யூட்டர் சொல்லும் இருப்பை நம்பிப் புதுக்கணக்கு தொடங்காதீர்கள். பாக்கியைப் பில் வாரியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு பார்ட்டிக்கும் நிலுவைக் கடிதம் அனுப்பி, ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். தவணை குறிக்காமல் விற்ற சரக்கின் பாக்கிக்கு வழக்குப் போட மூன்றாண்டுதான் காலவரம்பு. அது முடியுமுன் எழுத்தில் ஒப்புதல் கிடைத்தால், அந்தத் தேதியிலிருந்து காலவரம்பு புதிதாகத் தொடங்கும். சாப்ட்வேர் மாற்றும் சாக்கில் இந்த நல்ல காரியமும் நடந்துவிடும்.

வருஷ நடுவில் மாற்றியே ஆக வேண்டுமென்றால் பில் எண்ணில் கவனம் வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒரே எண் இரண்டு பில்லுக்கு வரக் கூடாது. எழுத்தும் எண்ணும் சேர்த்து 16-க்கு மேல் போகக் கூடாது. புதிய புரோகிராமுக்கு வேறு முன்னெழுத்து கொடுத்துத் தனி வரிசையாகத் தொடங்குங்கள். எந்த நாளில் மாற்றினாலும் ஒரு மாதம் பழையதிலும் புதியதிலும் கணக்கை ஓட்டி, வாரக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரட்டை வேலைதான், ஆனால் தவறு பிடிபடுவது அதில்தான்.

மாற்றி முடித்ததும் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆண்டு விவரம் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். ஒரு நிதியாண்டின் விவரத்துக்குக் கடைசி நாள், வழக்கமாக அது முடிந்து வரும் டிசம்பர் 31. ஆக, ஏப்ரல் 1-இல் போட்ட பில்லை ஏறத்தாழ ஏழே முக்கால் ஆண்டு காட்டத் தயாராக இருக்க வேண்டும். அதிகாரியிடம் "புரோகிராம் மாற்றிவிட்டோம், ஐயா" என்று சொன்னால் எடுபடாது.

இணையவழிக் கணக்கு

இப்போது மாதச் சந்தா கட்டி, இணையம் வழியாகக் கணக்கு எழுதும் முறை பரவுகிறது. நாங்கள் அதற்கு எதிரியல்ல. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் கடைகளுக்குள் புகுந்தது. கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரை மட்டும் நம்பியிருந்தால் சரக்கோடு கணக்கும் போகும். வெளியூரில் வைத்த கணக்கு அந்த நேரத்தில் கைகொடுக்கும். வெளியூர் போயிருக்கும் முதலாளி செல்போனிலேயே அன்றைய விற்பனையைப் பார்க்கலாம் என்பதும் வசதிதான்.

ஆனால் சந்தா என்பது வாடகை. வாடகைக் கடைக்காரருக்கு வாடகைச் சட்டம் உண்டு, நோட்டீஸ் உண்டு, கோர்ட் உண்டு. சந்தா புதுப்பிக்காத மறுநாளே திரை மூடிக்கொண்டால், உள்ளே இருக்கும் பாக்கிப் பட்டியலை எப்படி எடுப்பது என்பதைப் பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு முறை முழுக் கணக்கையும் பொது வடிவத்தில் இறக்கி, கடைக்கு வெளியே ஓரிடத்தில் வைத்துக்கொண்டால் இரண்டு பக்கத்துப் பலனும் கிடைக்கும்.

சங்கம் செய்ய வேண்டியது

ஒரு மளிகைக் கடைக்காரர் தனியாகக் கேட்டால் விற்பனையாளர் சிரித்து மழுப்புவார். நூறு பேர் சேர்ந்து கேட்டால் எழுதிக் கொடுப்பார். எனவே நம் சங்கங்கள் ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்து உறுப்பினர்களுக்குத் தர வேண்டும். அதில் குறைந்தது இந்த ஐந்தும் இருக்கட்டும்:

1. பார்ட்டி, சரக்கு, பில் வாரி நிலுவை, இருப்பு, பேரேடு ஆகிய அனைத்தையும் கடைக்காரரே எந்நேரமும் பொது வடிவத்தில் எடுத்துக்கொள்ளும் வசதி.

2. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

3. சந்தா நின்றாலும் கணக்கைப் பார்க்கவும் எடுக்கவும் குறைந்தது ஆறு மாத அவகாசம்.

4. வரி விகிதம் மாறினால், அது அமலுக்கு வரும் நாளுக்குள் புதுப்பித்துத் தரும் பொறுப்பு.

5. நிறுவனம் தொழிலை நிறுத்தினால் மூன்று மாதம் முன்னதாக எழுத்து மூலம் அறிவிப்பு.

இந்த ஐந்துக்கும் கையெழுத்துப் போடத் தயங்குபவர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அவர் சரக்கு நமக்கு வேண்டாம். நாம் பருப்பு வாங்கும்போது மூட்டையில் குத்தூசி போட்டு மணியைப் பார்த்த பிறகுதானே விலை பேசுகிறோம்? சாப்ட்வேருக்கும் அதே பரிசோதனை உண்டு. விற்க வந்தவரை உட்கார வைத்து, இருபது பில்லை ஏற்றச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கணக்கு முழுவதையும் எக்செலில் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்துக் காட்டினால் விலை பேசலாம்.